வசந்தமலரின் வலது தோள்

ஓக்லாந்தின் ஏவன்டேலில் உள்ள ஒரு பகல்நேரச் சிறுவர் காப்பகத்தின் குசினியில் பதினொரு வருடங்களாகச் சமைத்துவந்தவள் வசந்தமலர். ஓகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை, முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கான மதியச் சாப்பாட்டை அவள் தரையில் போட்டாள். வெந்து முடிந்த பாஸ்தாத் தட்டத்தைச் சூட்டடுப்பிலிருந்து எடுத்து மேசைக்குத் திரும்பியபோது வலது கை ஏனோ பாதியில் நின்றுவிட்டது. கையில் பிடி இருந்தது, ஆனால் தூக்கும் பலம் இல்லை. தட்டம் சரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

காப்பகத்தை நடத்தும் பெண் திட்டவில்லை. துடைப்பத்தை எடுத்துவந்து தானும் சேர்ந்து துடைத்தாள். பிறகு வசந்தமலரின் கையைப் பார்த்து, எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று கேட்டாள். "கொஞ்ச நாளாய்" என்றாள் வசந்தமலர். அந்தப் பெண் அதை நம்பவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி, வேலை செய்யலாம் என்று கடிதம் வாங்கி வரும்வரை குசினிப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி, அன்று பின்னேரமே மகள் கிருசாந்திக்குத் தொலைபேசியும் எடுத்துவிட்டாள்.

கொஞ்ச நாள் அல்ல. ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் வசந்தமலர் தன் வலது கையை மற்றவர்களின் கண்ணில் படாமல் வைத்திருந்தாள். பின்னால் கையைக் கொண்டுபோய்க் கொண்டை போட முடியாமல் போனபோது, பராமரிக்கப் பஞ்சியாய் இருக்கிறது என்று சொல்லித் தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டாள். பிளவுசுக்குள் கையை நுழைக்க முடியாததால் சேலை கட்டுவதை விட்டாள். முன்னால் பொத்தான் வைத்த இரண்டு சட்டைகளை மாறிமாறிப் போட்டாள். கோயிலுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டாள். ஏப்ரலில் கணவர் காலமானவர், அதனால்தான் மனுசி இப்படி ஒடுங்கிப்போய்விட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பு அவளுக்கு வசதியாக இருந்தது.

மகளிடம் மட்டும் ஒரு காரணம் சொல்லவேண்டி வந்தது. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் பூசணிக்காய்ப் பையைத் தூக்கியபோது தோள் பிடித்துக்கொண்டது என்றாள். கிருசாந்தி வெஸ்ட்கேட்டில் இருப்பவள். வேலை, வீட்டு மோர்ட்கேஜ், போக்குவரத்து நெரிசல் என்று ஓடிக்கொண்டிருப்பவள். அவள் அதை அப்படியே நம்பினாள்.

அது பொய்.

கிருசாந்திதான் கிளினிக்கைத் தேடிப் பிடித்தாள். புகையிரத நிலையத்துக்குக் கிட்ட, ஒரு சில்லறைக் கடைக்கும் பல் வைத்தியர் ஒருவருக்கும் நடுவில் இருந்தது. வைத்தியரின் கடிதம் இல்லாமல் நேரே போகலாம் என்றாள். போகும் முன்பே நிரப்பவேண்டிய படிவத்தையும் அவளே போனில் நிரப்பினாள். என்ன மருந்து எடுக்கிறீர்கள், சீனி வருத்தம் உண்டா, முன்பு ஏதாவது சத்திரசிகிச்சை செய்ததா என்று வரிசையாகக் கேட்டாள். ஒரு கேள்விக்கு மட்டும் தாயைக் கேட்காமல் தானே எழுதிக்கொண்டாள். எப்படி நடந்தது என்ற கேள்வி அது.

"கை தெரியிற மாதிரி லூசான சட்டை போடச் சொல்லியிருக்கு அம்மா" என்றாள். "வேற ஒண்டும் கொண்டுபோகத் தேவையில்லை."

வசந்தமலருக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. கோயிலில் கண்ட ஆனந்தவல்லி ஒருமுறை தன் முழங்காலுக்குச் செய்த பிசியோதெரபியைப் பற்றிச் சொல்லியிருந்தாள், பிடித்து முறித்து எடுத்துவிடுவார்கள் என்று. நோவை நினைத்து அவள் பயப்படவில்லை. நோவோடுதானே இவ்வளவு காலமும் இருந்தாள். கேள்வி கேட்பார்களே என்றுதான் பயந்தாள்.

வியாழக்கிழமை காலை மழை. கிருசாந்தி வேலையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்து தாயைக் கூட்டிப்போனாள். காத்திருக்கும் அறையில் ரக்பி விளையாடிக் காலை முறித்துக்கொண்ட ஒரு இளைஞனும், ஊன்றுகோலோடு ஒரு வயதான ஐயாவும் இருந்தார்கள். பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் வந்து, வசந்தமலரின் பெயரைப் பிழையில்லாமல் முழுதாகக் கூப்பிட்டாள்.

"வணக்கம் ஆன்ட்டி. என் பேரு தனுஷா. மலேசியா, ஈப்போ. தமிழ்லயே பேசலாமா, இல்ல இங்கிலீஷா?"

வசந்தமலர் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலக்காரி ஒருத்தி இருப்பாள், மகள் மொழிபெயர்ப்பாள், தான் தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று எண்ணி வந்திருந்தாள். "தமிழிலயே கதைப்பம்" என்று மெல்லச் சொன்னாள்.

சிறிய அறை. உயர்த்தவும் பதிக்கவும் கூடிய ஒரு கட்டில், ஒரு திரைச்சீலை, மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த தோள்மூட்டு. தனுஷா முதலில் கையைத் தொடவே இல்லை. முக்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு முக்கால்வாசி பேச்சுதான் ஆன்ட்டி. என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லுவீங்க. அப்புறம் கையப் பாப்பேன், அசைச்சுப் பாப்பேன். எதுவும் பண்றதுக்கு முன்னால உங்களக் கேட்டுட்டுத்தான் பண்ணுவேன். நிறுத்துன்னு சொன்னீங்கன்னா நிறுத்திடுவேன். சரிங்களா?"

"ஓம்" என்றாள் வசந்தமலர்.

கேள்விகள் தொடங்கின. எந்த இடத்தில் வலிக்கிறது, கைவிரல் வரை ஓடுகிறதா, விரல் மரத்துப்போகிறதா. இரவில் வலி எழுப்புகிறதா. எந்தப் பக்கம் படுக்கிறீர்கள். ஒன்றுமில்லை என்றால் சைபர், தாங்கவே முடியாது என்றால் பத்து, இப்போது எத்தனை. காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு மெலிவது, நெஞ்சு நோவு ஏதும் உண்டா. வசந்தமலர் வாயைத் திறப்பதற்குள் கிருசாந்தி ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு இருக்கும் என்றாள். தாய் முறையிட்டதே இல்லை என்றாள். தனுஷா எழுதிக்கொண்டே வசந்தமலரைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. ராத்திரில எத்தனை?"

"எட்டு. சிலநேரம் ஒன்பது."

கிருசாந்தி தாயின் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

வசந்தமலர் மேசையிலிருந்த பிளாஸ்டிக் தோள்மூட்டைப் பார்த்தாள்.

"எப்போ ஆரம்பிச்சது?" என்று தனுஷா கேட்டாள். ஜூன், சந்தை, பூசணிக்காய்ப் பை என்று கிருசாந்தியே சொன்னாள். தனுஷா அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"இந்தக் கையால மறுபடி என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க? அதுக்கு ஏத்த மாதிரி பிளான் போடலாம்."

அப்படி ஒரு கேள்வி வருமென்று வசந்தமலர் எதிர்பார்க்கவில்லை. "குசினித் தட்டம் தூக்கவேணும்" என்றாள்.

"அது வேலைக்கு. உங்களுக்கு?"

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே நகரத்துப் பக்கம் போகும் ரயில் ஒன்று கடந்தது.

இனிக் கையைப் பார்க்கவேண்டும், சட்டையின் ஒரு பக்கத்தைக் கழற்றவேண்டியிருக்கும் என்று தனுஷா சொன்னாள். போர்த்திக்கொள்ள ஒரு துவாயை எடுத்துக் கொடுத்தாள். மகள் கூட இருப்பதா, வெளியே இருப்பதா என்று வசந்தமலரிடமே கேட்டாள்.

"அவள் வெளியில இருக்கட்டும்."

கிருசாந்தியின் முகம் சுருங்கியது. கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்தப்பட்டது.

தனுஷா முதலில் இடது கையைத்தான் அசைக்கச் சொன்னாள். நல்ல கை எவ்வளவு போகும் என்று தெரிந்தால்தான் மற்றதை அளக்கலாம் என்றாள். இடது கை தலைக்கு மேலே நேராகப் போயிற்று. வலது கை நெஞ்சு மட்டத்தைத் தாண்டவில்லை. இன்னும் தூக்கப் பார்த்தபோது தோள் முழுவதும் காதை நோக்கி எழும்பியது. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை மட்டும் வெளியே திருப்பச் சொன்னாள். கொஞ்சமும் திரும்பவில்லை. தனுஷா தன் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். பூட்டிய கதவைத் தள்ளுவது போல இருந்தது. வசந்தமலர் பல்லைக் கடித்தாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி, நிறுத்தவா?"

"இல்லை. பாருங்கோ."

தோள்பட்டையைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தாள். எங்கே தசை இளைத்திருக்கிறது என்று பின்னால் நின்று பார்த்தாள். உள்ளங்கையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளச் சொல்லிப் பலத்தைச் சோதித்தாள். எல்லாம் முடித்து, அந்தப் பிளாஸ்டிக் மூட்டை எடுத்து மடியில் வைத்துக் காட்டினாள். மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, அது இறுகிச் சுருங்கிப்போய்விட்டது, சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும் என்றாள். உள்ளே ஒரு தசைநார் கிழிந்திருக்கவும் கூடும், ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது என்றாள். பிறகு மூட்டைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கவா? ஜூன்ல நடந்ததுன்னா இப்ப எட்டு வாரம். எட்டு வாரத்துல இவ்வளவு இறுகவே இறுகாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தசை இவ்வளவு இளைச்சிருக்கறதப் பாத்தா இன்னும் பழசு மாதிரி தெரியுது. அதுக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சா?"

வசந்தமலர் துவாயை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் உங்களக் குத்தம் சொல்லல ஆன்ட்டி. விபத்துல வந்த காயம்னா ஏசிசிக்கு நான்தான் இங்கேருந்து படிவம் அனுப்பணும். எந்தத் தேதி, எப்படி நடந்துச்சுன்னு எழுதணும். நீங்க கையெழுத்துப் போடணும். அதான் சரியா எழுதணும்னு கேக்கறேன்."

விபத்தில் அடிபட்டவர்களின் வைத்தியத்துக்கு அரசாங்கத்தின் ஏசிசி உதவும் என்பது வசந்தமலருக்குத் தெரியும். ஆனால் அதற்குத் திகதி வேண்டும் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை. கை போன அந்தத் திகதியை ஐந்து மாதமாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

"மார்ச் பதினெட்டு" என்றாள்.

தனுஷா பேனாவை எடுக்கவில்லை. காத்திருந்தாள்.

வசந்தமலரும் கணவர் இராசநாயகமும் இரண்டு வயதுக் கிருசாந்தியைத் தூக்கிக்கொண்டு தொண்ணூற்றேழில் ஓக்லாந்துக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவர் அவர். இங்கே முதலில் மரக்காலை ஒன்றில் பலகை அடுக்கினார். பிறகு இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். எவரிடமும் எதையும் கேட்டு நிற்காத மனிதர். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்தன. பேச்சும் புத்தியும் பழையபடியே இருந்தன. அதுதான் கொடுமையாகவும் இருந்தது. தன்னைக் கழுவிவிடுவதை, தனக்கு உடுப்பு மாட்டுவதை அவர் ஒவ்வொரு நாளும் முழு நினைவோடு பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் வசந்தமலரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: விழுந்தால் தூக்கவேண்டாம், தலையணை வைத்துப் போர்த்திவிட்டு அம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று. அதை ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தார்கள்.

"அவர் விழேக்க நான் குசினிக்குள்ள நிண்டனான் எண்டு எல்லாருக்கும் சொன்னனான்" என்றாள் வசந்தமலர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் அங்க நிக்கேல்லை பிள்ளை. அவருக்குப் பக்கத்திலதான் நிண்டனான். பின்னேரம் மூண்டு மணியிருக்கும். குளிக்க வாத்துக்கொண்டிருந்தன். முக்காலி வழுக்கிச்சுது. அவர் மெல்ல இருந்த மாதிரித்தான் கீழ போனவர். ஒண்டும் நடக்கேல்லை. சிரிச்சவர்கூட."

"அப்புறம்?"

"அம்புலன்சுக்கு அடிக்கப் போனன். வேண்டாம் எண்டார். போனமுறை கொண்டுபோய்ப் பதினொரு நாள் வைச்சிருந்திட்டினம், இந்தமுறை முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்புவினம் எண்டார். என்ர கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் ஒருநாளும் பாக்கேல்லை."

சிறிது நேரம் அவள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கக்கத்துக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கினன். முதல்தரம் ஏலேல்லை. ரெண்டாந்தரமும் ஏலேல்லை. மூண்டாந்தரம் அரைவாசிக்கு எழும்பிட்டார். அப்பதான் தோளுக்குள்ள ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. நான் கையை விட்டிட்டன். பாத்டப் விளிம்பில இடுப்பு அடிபட்டு விழுந்தார். அந்தச் சத்தம்..."

முடிக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது, சத்திரசிகிச்சை நடந்தது, நெஞ்சில் சளி கட்டியது. பத்தொன்பதாவது நாள் இராசநாயகம் ஆஸ்பத்திரியில் இறந்தார். அம்புலன்சில் வந்தவர்களிடம், தான் குசினியில் நின்றபோது அவர் தனியே விழுந்துவிட்டார் என்று வசந்தமலர் சொன்னாள். பிறகு அதையே டாக்டரிடமும் சொன்னாள், மகளிடமும் சொன்னாள், செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். முதலில் பயத்தில் சொன்னது. பிறகு மாற்றிச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. கையைக் காட்டினால் கை எப்படிப் போனதென்று கேட்பார்கள். அதனால் கையைக் காட்டவில்லை.

"நான் விட்டிராட்டி அவர் இருந்திருப்பார், என்ன?" என்று கேட்டாள்.

தனுஷா இளையவள். முப்பது வயதுகூட இராது. அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது எனக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றாள். "நான் பொய் சொல்லக்கூடாது. தோளப் பத்தி மட்டும்தான் என்னால சொல்ல முடியும். அந்தப் பாரத்துக்கு உள்ள அறுந்து போச்சுன்னா, பிடிச்சிருக்கணும்னு நீங்க நெனச்சாலும் கை பிடிக்காது. நீங்களா விடல."

வசந்தமலர் தலையை ஆட்டினாள். அதை அவள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் காதில் வாங்கிக்கொண்டாள்.

தனுஷா படிவத்தில் மார்ச் பதினெட்டு என்று எழுதினாள். விழுந்த கணவரைத் தூக்கும்போது என்று ஒரே வரியில் காரணத்தை எழுதி வாசித்துக் காட்டினாள். அவ்வளவு பெரிய விஷயம் ஒரு வரிக்குள் அடங்கிப்போனது வசந்தமலருக்கு என்னவோ போல இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பிறகு வீட்டில் செய்யவேண்டியவற்றைக் காட்டினாள் தனுஷா. மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தளர விட்டு வட்டமாக ஆட்டுவது. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஊர்ந்து போவது. கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு தடியைப் பிடித்து நல்ல கையால் மற்றதை வெளியே தள்ளுவது. ஒரு நாளைக்கு மூன்று முறை. முதலில் சுடுதண்ணிப் பை வைக்கவேண்டும். நாளைக்கு நோவு கூடலாம், ஒரு நாளில் தணிந்துவிட்டால் பயமில்லை, தணியாவிட்டால் அழைக்கவேண்டும்.

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"ஒரு வருஷம். சிலருக்கு ரெண்டு. முழுசா பழையபடி வராமலும் போகலாம். மொதல்ல வாரத்துக்கு ஒருதடவ வாங்க."

எழும்பும்போது தனுஷா ஒன்றை ஞாபகப்படுத்தினாள். இன்று பார்த்தவற்றின் சுருக்கத்தை ஈமெயிலில் அனுப்புவது வழக்கம். படிவத்தில் இருப்பது மகளின் முகவரி. "அதுக்கு அனுப்பல. பிரிண்ட் எடுத்து உங்க கையிலயே குடுத்துடறேன். யாருக்குச் சொல்லணும்ங்கறது உங்க விருப்பம்."

தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வசந்தமலர் வெளியே வந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

காரில் ஏறியதும் கிருசாந்தி வண்டியைக் கிளப்பவில்லை. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் என்னை வெளிய போகச் சொன்னீங்க?" அவள் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினாள். கோபம் வந்தால் அப்படித்தான். "அப்பாவுக்கு நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு கோவமா?"

"என்ன கதைக்கிறாய்?"

"அந்தக் கைபிடி. பாத்ரூமுக்குப் போடுறன் எண்டு ஜனவரியில சொன்னனான். ஆளைக் கூப்பிடேல்லை. பெப்ரவரி முழுக்கக் கூப்பிடேல்லை. அது இருந்திருந்தா அப்பா பிடிச்சிருப்பார். எனக்குத் தெரியும் அம்மா. நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும்." பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு நாளும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும்போது அதைத்தான் நினைப்பதாகச் சொன்னாள்.

செத்தவீட்டுக்கு அடுத்த கிழமை கிருசாந்தி தானே அந்தக் கைபிடியை வாங்கிவந்து, குளியலறைச் சுவரில் பூட்டுவித்தது வசந்தமலருக்கு ஞாபகம் வந்தது. இனி யாருக்கு என்று அப்போது கேட்டிருந்தாள். மகள் பதில் சொல்லவில்லை. ஏன் என்று தான் யோசிக்காமல் விட்டதை இப்போது நினைத்தாள். தன் பொய்க்குள் தான் மட்டும்தான் இருக்கிறோம் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தாள்.

பையைத் திறந்து தாளை எடுத்தாள். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வாயால் சொன்னாள். தனுஷாவிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில். முதலில் விழுந்தது வழுக்கித்தான், அதில் அவருக்கு ஒரு கீறலும் இல்லை. இரண்டாவது தரம் விழுந்தது நான் கையை விட்டதால்.

கிருசாந்தி முழுவதையும் கேட்டாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐஞ்சு மாசம்" என்றாள் கடைசியில். "நான் அழுதுகொண்டு திரிஞ்சதைப் பாத்தனீங்கள்."

"நீ அப்பாவை நினைச்சு அழுகிறாய் எண்டு..."

"ப்ளீஸ் அம்மா. கதைக்காதேங்கோ."

வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். குடையைத் தாயின் இடது கையில் கொடுத்தாள். உள்ளே வரவில்லை.

அடுத்த கிழமை கிளினிக்குக்கு வசந்தமலர் தனியே நடந்து போனாள். அதற்கடுத்த கிழமையும் தனியே. கிருசாந்தியிடமிருந்து குறுஞ்செய்திகள் மட்டும் வந்தன. மருந்து எடுத்தீர்களா, ஸ்கேன் எப்போது, அவ்வளவுதான். ஸ்கேனில் தசைநாரொன்றில் பாதிக் கிழிசல் தெரிந்தது. தனுஷா விறைப்பை முதலில் பார்ப்போம் என்றாள். வசந்தமலர் ஒரு நாளைக்கு மூன்று முறை சுவருக்கு முன்னால் நின்றாள். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய், முகவாய் உயரத்தில் நின்றன. அந்த இடத்தில் நோவைத் தாங்கிக்கொண்டு இருபது எண்ணச் சொல்லியிருந்தாள் தனுஷா. எண்ணிக்கை முடிந்த பிறகும் சில நேரம் அவள் கையை எடுக்காமல் நின்றாள்.

ஆறு கிழமைக்குப் பிறகு, செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருசாந்தி வந்தாள். முன்னறிவிப்பு இல்லை. சோபாவில் உட்கார்ந்தாள், தேத்தண்ணி வேண்டாம் என்றாள். மெலிந்திருந்தாள்.

"ஒண்டு கேக்கவேணும்" என்றாள். "நீங்க கையை விட்ட பிறகு, அப்பா ஏதும் சொன்னவரா?"

அதை வசந்தமலர் தனுஷாவிடமும் சொல்லியிருக்கவில்லை.

"முதல் குழறினவர். நான் தோளைப் பிடிச்சுக்கொண்டு சுவரோட சரிஞ்சு இருந்திட்டன். அதைப் பாத்திட்டார்." அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். "'உனக்கு என்ன நடந்தது மலர், நோகுதே?' எண்டு கேட்டவர். இடுப்பு முறிஞ்சு கிடந்துகொண்டு என்னைக் கேட்டவர். நான் ஒண்டுமில்லை எண்டனான்."

கிருசாந்தி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வசந்தமலர் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அணைத்துக்கொள்ள வலது பக்கம்தான் வாய்த்தது. அந்தக் கை மகளின் முதுகைச் சுற்றிப் போகவில்லை. அவளின் முழங்கையில் வைத்தாள். கிருசாந்தி அதைத் தள்ளிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

போகும்போது அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்டாள். புதன்கிழமை என்றாள் வசந்தமலர். அந்தப் புதன்கிழமை கிருசாந்திக்கு வேலை இருந்தது. அதற்கடுத்த புதன்கிழமை வந்தாள். காத்திருக்கும் அறையிலேயே இருந்தாள்.

நவம்பரில் வசந்தமலர் காப்பகத்துக்குத் திரும்பினாள். மரக்கறி வெட்டுவாள், பழம் நறுக்குவாள். தட்டம் தூக்க வேறொரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். கை இப்போது கண் மட்டம் வரை வருகிறது. பின்னால் இன்னும் போகவில்லை. இரவில் எட்டு என்றது ஐந்தாகிவிட்டது என்று தனுஷா எழுதி வைத்திருக்கிறாள். கிருசாந்தி இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, கோப்பைகளைக் கழுவி மேல்தட்டில் அடுக்கிவிட்டுப் போகிறாள். இருவரும் வேலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைக்கிறார்கள். மார்ச் மாதத்தைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் கதைக்கவில்லை.